குடும்பக் குழுவில் ‘சதி’ வந்து விழுந்தால்: வாய்ஸ் மெசேஜிலிருந்து காகிதம் வரை ஒரு வழிகாட்டி

2017 பிப்ரவரியில் என் தங்கை தன் மகளை மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, ஊருக்கும் போகவில்லை. அந்த வாரம் பள்ளியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போட வருகிறார்கள் என்று துண்டுச் சீட்டு வந்திருந்தது. அதே வாரம் அவள் மாமியார் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்திருந்தது. வீட்டில் வாய்ஸ் மெசேஜின் பேச்சுதான் எடுபட்டது.

அது உண்மையா என்று பார்க்க நான் இறங்கியபோது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. தப்பான கேள்வி கேட்டேன், தப்பான வரிசையில் அலைந்தேன், குழுவில் எல்லார் முன்னாலும் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையையே கெடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் வீணாகிவிட்டது. அந்த ஒரு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தடுப்பூசி என்றில்லை. ரூபாய் நோட்டு, பிளாஸ்டிக் அரிசி, பிள்ளை பிடிப்பவர்கள், செல்போன் கோபுரம் என்று எதைப் பற்றி வந்தாலும் வழி இதேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சதிக் கதைக்கென்று ஒரு பேச்சு நடை இருக்கிறது. செய்தி எதைப் பற்றியது என்று பார்ப்பதோடு, அது எப்படிப் பேசுகிறது என்றும் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பேச்சில் கேள்விகள் நிறைய வரும், ஆனால் ஒரு கேள்விக்கும் விலாசம் இருக்காது. யாரிடம் கேட்பது, எந்தக் காகிதத்தில் பதில் இருக்கும் என்று தெரியாது. அந்தக் கேள்விகளுக்கு விலாசம் எழுதுவதுதான் நம் வேலை.

தேவைப்படுபவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, ஐம்பது ரூபாய்க்குள் செலவு, இரண்டு மாலை நேரம். தகவல் அறியும் உரிமை மனு வரை போவதானால் கூடுதலாக ஒரு மாதம்.

1. வந்ததை வந்தபடியே எடுத்து வையுங்கள்

நேரம்: 5 நிமிடம். செலவு: இல்லை.

அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பவும் செய்யாதீர்கள். அனுப்பியவர் பெயர், குழுவின் பெயர், தேதி மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாய்ஸ் அல்லது வீடியோ என்றால் போனில் தனியாகச் சேமியுங்கள். அனுப்பியவர் மனம் மாறி ‘எல்லாருக்கும் அழி’ என்று போட்டுவிட்டால் உங்களிடம் சரிபார்க்க எதுவும் இருக்காது.

மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது. வதந்தியால் அடித்துக் கொல்லும் சம்பவங்கள் நடந்த பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலிலிருந்து இந்த இரட்டை அம்புச் செய்திகளை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். குறி இருக்கிறது என்பதற்காகச் செய்தி பொய் என்று முடிவு கட்டாதீர்கள். ‘என் தோழி சொன்னா’ என்று வந்தது தோழி சொன்னது இல்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி.

அப்புறம், உங்களுக்கு அனுப்பியவரிடம் ‘உங்களுக்கு யார் அனுப்பினாங்க?’ என்று கேளுங்கள். இரண்டு படி பின்னால் போனால் போதும். எங்கள் விஷயத்தில் தங்கையின் மாமியாருக்கு அவர் தம்பி மனைவி அனுப்பியிருந்தார், அவருக்கு ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் வந்திருந்தது. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. நான் ஐந்து நாள் மேலே மேலே தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளும் தண்டம்.

*இங்கே மாட்டிக்கொள்ளாதீர்கள்:* ‘இது உண்மையா, யாராவது பார்த்துச் சொல்லுங்க’ என்று எழுதி இன்னொரு குழுவில் போடுவது. அடுத்தவர் உங்கள் கேள்வியை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் அனுப்புவார். பொது அமைதியைக் கெடுக்கும் பொய்த் தகவலைப் பரப்புவது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவில் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 505ஆம் பிரிவாக இருந்தது. எழுதியவர்தான் மாட்டுவார், அனுப்பியவருக்கு ஒன்றும் வராது என்று நினைக்க வேண்டாம்.

2. கையால் எழுதுங்கள், பிறகு கோடு போடுங்கள்

நேரம்: இரண்டு நிமிட வாய்ஸுக்கு முக்கால் மணி நேரம். தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

காதால் கேட்கும்போது அந்தக் குரல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். எழுதினால்தான் வாக்கியம் கண்ணில் படும். நான் எழுதி வைத்ததில் முக்கியமான வரிகள் இவை:

‘நான் ஒரு நர்ஸ்தாங்க பேசுறேன். இந்த ஊசி வெளிநாட்டு ஊசியாம். போட்ட பிள்ளைங்களுக்கு ஆட்டிசம் வருதாம். ஒரு பெரிய டாக்டரே தன் பேரப்பிள்ளைக்குப் போடலையாம். ஏன் தமிழ்நாட்டுக்கு மட்டும் போடுறாங்க? யோசிங்க. இதை அழிக்கிறதுக்குள்ள எல்லாருக்கும் அனுப்புங்க.’

இப்போது கோடு போட வேண்டிய இடங்கள்.

‘ஆம்’ எங்கே வருகிறது? ‘வருதாம்’, ‘போடலையாம்’. தமிழில் இந்த ‘ஆம்’ நேர்மையான ஒட்டு. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால் வாயிலிருந்து எழுத்துக்கு மாறும்போது முதலில் உதிர்வது அதுதான். ஒரு வாரம் கழித்து இதே சேதி எழுத்து வடிவில் வந்தது. ‘ஆட்டிசம் வருகிறது’ என்றிருந்தது. ‘ஆம்’ போய்விட்டது, கேள்விப்பட்டது நடந்ததாகிவிட்டது. ஒரே செய்தி இரண்டு வடிவில் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைப் பாருங்கள்.

அடுத்து ஏகாரம். ‘டாக்டரே’, ‘அரசே ஒப்புக்கொண்டது’, ‘மறுநாளே’. இந்த ஒரு எழுத்து ஒரு வாதத்தின் வேலையைச் செய்துவிடும். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், 17ஆம் தேதி அதிகாலை காலமானார். ‘ஊசி போட்ட மறுநாள்’ என்பது நடந்த வரிசை. ‘ஊசி போட்ட மறுநாளே’ என்று சொன்னால் ஊசியால்தான் என்று ஆகிவிடுகிறது. அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியே வந்தது. ஏகாரம் ஒரே நாளில் ஊரெல்லாம் சுற்றிவிட்டது, காகிதம் வர ஆறு மாதம் ஆனது. இந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். அந்த ‘ஏ’யைப் பென்சிலால் அடித்துவிட்டு வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அப்புறமும் அது எதையாவது நிரூபிக்கிறதா?

‘படு’ வினை: ‘மறைக்கப்படுகிறது’, ‘திட்டமிட்டு அழிக்கப்படுகிறோம்’. யார் மறைக்கிறார்கள் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இருக்காது. ‘அவர்கள்’, ‘அவனுங்க’, ‘கார்ப்பரேட்’, ‘மேலிடம்’ என்பவையும் இதே வகைதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யார்? பெயர்?’ என்று எழுதுங்கள். காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள்.

‘ஏன்? யோசியுங்கள்.’ இது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலை எதிர்பார்க்காது. ‘இது தற்செயலா, சதியா?’ என்பதும் அப்படித்தான். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்ற வழியை அந்த வாக்கியம் முதலிலேயே அடைத்துவிடுகிறது.

சில செய்திகளில் எண் வரும். 2016 நவம்பரில் வந்த 2000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கு அடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று பரவியது நினைவிருக்கலாம். ‘ரொம்ப ஆழத்தில்’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். யார் அளந்த 120 என்று கேளுங்கள். அந்த நோட்டின் பாதுகாப்பு அம்சங்கள் என்னென்ன என்று ரிசர்வ் வங்கி பட்டியலே வெளியிட்டிருந்தது. சிப் அதில் இல்லை.

கடைசியாக ‘அழிப்பதற்குள்’, ‘கைக்கூலி’ என்ற இரண்டு சொற்கள். முதலாவது உங்களுக்கு யோசிக்க நேரம் தராது. இரண்டாவது, மறுத்துப் பேச வருபவரின் வாயை முன்கூட்டியே அடைத்துவிடும். ஊசி நல்லது என்று நாளைக்கு எந்த மருத்துவர் சொன்னாலும் அவர் மருந்து கம்பெனி கைக்கூலி ஆகிவிடுவார். எந்தச் சாட்சியம் வந்தாலும் தோற்காதபடி கட்டப்பட்ட பேச்சு என்பதற்கு இதுதான் அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குறிகள் இருப்பதாலேயே செய்தி பொய்யாகிவிடாது. பயந்து போன தாய் உண்மையைச் சொன்னாலும் இப்படித்தான் சொல்வாள். எந்த வரிக்குக் காகிதம் தேட வேண்டும் என்று காட்டுவதோடு இந்தக் கோடுகளின் வேலை முடிகிறது.

3. ‘ஏன்’ என்பதை ‘எது, எப்போது, யார்’ என்று மாற்றுங்கள்

நேரம்: அரை மணி நேரம்.

எழுதியதைப் பார்த்து, ஒரு காகிதத்தால் பதில் சொல்ல முடிகிற வரிகளை மட்டும் தனியே எடுங்கள். எனக்கு மூன்று கிடைத்தன.

‘வெளிநாட்டு ஊசி’ என்பது ‘தயாரிப்பாளர் யார்? குப்பியில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று ஆனது.

‘ஆட்டிசம் வருதாம்’ என்பது ‘இதை முதலில் சொன்ன ஆய்வு எது? அது இப்போது என்ன நிலையில் இருக்கிறது?’ என்று ஆனது.

‘ஏன் தமிழ்நாட்டுக்கு மட்டும்?’ என்பது ‘முதல் கட்டத்தில் எந்தெந்த மாநிலங்கள்? அடுத்த கட்டம் எப்போது?’ என்று ஆனது.

‘பெரிய டாக்டர்’ பெயர் இல்லாதவர். அவரைத் தேட வேண்டாம். பெயரில்லாத ஆளைப் பொய் என்று நிரூபிக்க முடியாது, அதில் இறங்கினால் வெளியே வரவும் முடியாது.

4. காசில்லாமல் கிடைக்கும் காகிதங்களை முதலில் பாருங்கள்

நேரம்: ஒரு மாலை, ஒரு காலை. செலவு: பஸ் கட்டணம்.

முதலில் மாநிலங்கள். சுகாதார அமைச்சகத்தின் அறிவிப்பிலேயே பதில் இருந்தது. 2017 பிப்ரவரியில் தொடங்கிய முதல் கட்டத்தில் தமிழ்நாட்டோடு கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு இருந்தன. அந்த ஆகஸ்ட்டில் கேரளா, ஆந்திரா, தெலங்கானா, இமாச்சலம், உத்தராகண்ட் என்று அடுத்த கட்டம் போனது. நாடு முழுக்க 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மாதத்தில் போட ஆளும் ஊசியும் கிடையாது, அதனால்தான் கட்டம் கட்டமாகப் போனார்கள். ‘தமிழ்நாட்டுக்கு மட்டும்’ என்பது முதல் அரை மணி நேரத்திலேயே விழுந்துவிட்டது.

ஆட்டிசம். இதன் வேர் லண்டனில் இருந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. அதில் பார்க்கப்பட்ட குழந்தைகள் மொத்தம் 12 பேர். 2010 பிப்ரவரியில் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை அந்தக் கட்டுரையின் பக்கத்திலேயே பெரிதாக இருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுங்கள். வீட்டில் காட்ட நூறு வார்த்தையைவிட அந்த ஒரு பக்கம் உதவும்.

குப்பி. இதற்கு நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போனேன். காலை ஒன்பதரைக்குப் போனால் கூட்டம் இருக்கும். பதினொன்றரைக்கு மேல் போய், ‘சந்தேகமா இருக்குங்க, கொஞ்சம் காட்ட முடியுமா’ என்று தன்மையாகக் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியர் ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. லேபிளில் சீரம் இன்ஸ்டிடியூட், புனே என்று இருந்தது. தொகுதி (பேட்ச்) எண், காலாவதித் தேதி, அதோடு ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். ‘இந்தச் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா நல்ல ஊசி, சார். சூடு பட்டுட்டா சதுரம் கருத்துடும், அப்ப தூக்கிப் போட்டுடுவோம்’ என்றார். சதுரம் வெளுப்பாகத்தான் இருந்தது. இந்த அடையாளத்தை உங்கள் பிள்ளைக்கு ஊசி போடும்போதும் கேட்டுப் பார்க்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படம் அல்லது வீடியோ வந்தால், படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டு, முதன்முதலில் எப்போது, எங்கே வந்தது என்று தேடுங்கள். வீடியோவென்றால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேட வேண்டும். 2018இல் நாடு முழுக்கப் பரவிய பிள்ளை பிடிக்கும் வீடியோவில் பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு ஒரு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம், வடமாநிலக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்ற வதந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். வழியில் நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. ‘எதுக்கும் அனுப்பி வைப்போம், உஷாரா இருக்கட்டும்’ என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் 2023இலிருந்து இயங்குகிறது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கும் 2019இலிருந்து அப்படி ஒரு பிரிவு உண்டு. யூடர்ன் போன்ற தமிழ்த் தளங்களும் இருக்கின்றன. பாருங்கள், ஆனால் அங்கே ‘பொய்’ என்று முத்திரை குத்திய படத்தை மட்டும் எடுத்து வந்து குழுவில் போடாதீர்கள். ‘அரசே நடத்துற இடம் வேற என்ன சொல்லும்’ என்பார்கள், அந்தச் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் எந்த மூல ஆவணத்தைக் காட்டுகிறார்கள் என்று பார்த்து அதை எடுத்து வாருங்கள்.

5. தகவல் அறியும் உரிமை மனு: கடைசியில் மட்டும்

நேரம்: 30 நாள். செலவு: 10 ரூபாய், தபால் செலவு தனி.

இலவசக் காகிதத்தில் கிடைக்காததற்கு மட்டும் இது. நாளைக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்ற அவசர முடிவுக்கு உதவாது. நான் இதை முதலில் செய்தேன், அதுதான் என் பெரிய தவறு.

என் முதல் மனுவில் எழுதியது: ‘இந்தத் தடுப்பூசி ஏன் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் போடப்படுகிறது? இதன் பின்னணி என்ன?’ 27ஆம் நாள் பதில் வந்தது: தாங்கள் கேட்டது சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்படி ‘தகவல்’ என்பதில் அடங்காது. எனக்குக் கடுங்கோபம். மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மனுவின் நகலைத் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது. ‘ஏன்’, ‘மட்டும்’, ‘படுகிறது’, ‘பின்னணி’. அந்த வாய்ஸ் மெசேஜை மறுக்கக் கிளம்பிய நான் அதன் மொழியிலேயே மனு எழுதியிருந்தேன்.

2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அலுவலகம் தன் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், புதிதாகத் தயாரித்துத் தரவோ கருத்துச் சொல்லவோ வேண்டியதில்லை. அதனால் ஆவணத்தைக் கேளுங்கள். என் இரண்டாவது மனு இப்படி இருந்தது:

‘முதல் கட்டத்தில் சேர்க்கப்பட்ட மாநிலங்களைக் குறிப்பிடும் சுற்றறிக்கையின் நகல் தேவை. இம்மாவட்டத்துக்கு வந்த தடுப்பூசிகளின் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண்கள் கொண்ட இருப்புப் பதிவேட்டின் நகல் தேவை. முகாம் நாட்களில் பதிவான தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகள் குறித்த அறிக்கையின் நகல் தேவை.’

ஏழு பக்கம் வந்தது. மயக்கம், காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் என்று தேதிவாரியாக இருந்தது. ஊசியால் எதுவுமே ஆகாது என்று நானும் அதுவரை வாதாடிக்கொண்டிருந்தேன், அதுவும் தப்புத்தான். அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகு அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

நடைமுறை: மாநில அரசு அலுவலகம் என்றால் வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று விலாசமிட்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் அதற்கான இணையதளத்திலேயே 10 ரூபாய் கட்டி அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை, அந்தச் சான்றின் நகலை இணைக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆதார் நகலும் வைக்க வேண்டாம், பெயரும் விலாசமும் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்டுக் கடிதம் வரும், கட்டினால்தான் அனுப்புவார்கள். கெடு தாண்டிவிட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் பயப்பட வேண்டாம். பிரிவு 6(3)படி ஐந்து நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அவருக்கு 30 நாள், அதிகபட்சம் 45 நாள் கெடு. அதற்கும் மேலே போவதானால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்தில் எவ்வளவு நாளாகும் என்று கணக்குப் போடாதீர்கள்.

6. சந்தேகம் உண்மையாக இருந்துவிட்டால்?

இருக்கலாம். இந்தப் படியை விட்டுவிட்டால் நாம் செய்வது சரிபார்ப்பே இல்லை.

2009–10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளி வயதுப் பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வர, 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அந்த மரணங்கள் ஊசியால் நேர்ந்தவை என்று விசாரணையில் வரவில்லை. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் மோசம் என்று 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக எழுதியது. ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோர் இல்லை.

இந்தப் பேச்சையும் அந்த வாய்ஸ் மெசேஜையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே மாவட்டம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, யார் கையெழுத்து என்று இருக்கிறது. எத்தனையில் எத்தனை என்று இருக்கிறது. ‘யோசியுங்கள்’ இல்லை. நிஜமான தவறு நடந்திருந்தால் அதைப் பேச இந்த மொழி வேண்டும், இல்லாவிட்டால் தப்புச் செய்தவர் ‘வதந்தி’ என்ற ஒரு வார்த்தையில் தப்பித்துவிடுவார். உங்கள் தேடலில் அப்படி எதாவது கிடைத்தால் காகிதங்களோடு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள், ரசீது எண் வாங்குங்கள். வாய்ஸ் மெசேஜ் போட வேண்டாம்.

7. ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள்

‘இவன்தான் பிள்ளை பிடிப்பவன்’, ‘இந்த ஊர்க்காரர்கள் நம்மை அடிக்கிறார்கள்’ என்று ஒரு ஆளையோ கூட்டத்தையோ காட்டும் செய்தி வந்தால் சரிபார்க்க நேரமில்லை. உடனே 100 அல்லது 112. ஸ்கிரீன்ஷாட்டைக் காவல் நிலையத்துக்குக் கொடுங்கள். 1930 பண மோசடிக்கான எண், இதற்குச் சரிப்படாது.

8. வீட்டில் சொல்வது

இலவசக் காகிதங்கள் கையில் வந்தபிறகு நான் குழுவில் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, ‘இனிமேலாவது யோசிச்சு அனுப்புங்க’ என்று முடித்தேன். மாப்பிள்ளை குழுவைவிட்டே வெளியேறினார். தங்கை போனை எடுக்கவில்லை. சொன்ன விஷயம் சரி, ஆனால் நாலு பேர் முன்னால் அவர் அம்மாவைத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

அதனால்: குழுவில் வேண்டாம். தனியாக, நேரில், முடிந்தால் சாப்பிட்ட பிறகு. ‘நீங்க அனுப்பினது பொய்’ என்று தொடங்காதீர்கள், ‘நீங்க அனுப்பினதைக் கேட்டேன், எனக்கும் பயமா இருந்துச்சு, விசாரிச்சேன்’ என்று தொடங்குங்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு உட்காரலில் ஒரு வரியை மட்டும் பேசுங்கள். மூன்று காகிதம் இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள், மற்றதை அவர்களே கேட்பார்கள்.

நான் அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மாநிலங்கள் பெயர் இருந்த ஒரு பக்கத்தை மட்டும் அத்தையிடம், அதாவது தங்கையின் மாமியாரிடம், கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ‘கர்நாடகாவுலயும் போடுறாங்களா? என் தங்கச்சி பெங்களூர்லதானே இருக்கா’ என்று அங்கேயே போன் போட்டார். தங்கச்சியின் பேரனுக்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டாயிற்று. போனை வைத்துவிட்டு, ‘தம்பி, அந்த ஊசியை நானும் பார்க்கலாமா?’ என்று கேட்டார்.

முகாமை மார்ச் வரை நீட்டித்திருந்தார்கள். புதன்கிழமை நாலு பேருமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். செவிலியர் குப்பியைக் காட்ட, அத்தை சதுரத்தைப் பார்த்தார். வலது கையில் ஊசி. இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்தார்கள், அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். அட்டையை வாங்காமல் வந்துவிடாதீர்கள், பிறகு எழுதித் தரச் சொல்லி அலைவது கஷ்டம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். வேலை இருக்கிறது என்று கிளம்பாதீர்கள், மயக்கமோ தடிப்போ வந்தால் பார்ப்பதற்குத்தான் அந்த அரை மணி நேரம். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து நகத்து மையை எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், முப்பது நிமிடம் முழுசாக ஆகும்வரை.